சத்தம் எங்கே, எப்போது?

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் சூளையிலிருந்து இறக்கிய சரக்கில் சந்தேகம் வந்தால் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல சரக்கு. டொக்கென்று செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒதுக்கிவிடலாம். பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. கம்பத்து இன்சுலேட்டர், மீட்டர் பலகையின் ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு, கொலு பொம்மை எல்லாம் இங்கிருந்து போகின்றன. பீங்கான் படிப்புக்கென்றே ஓர் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியும் இங்கே இருக்கிறது.

காதால் பழுது கண்டுபிடிக்கத் தெரிந்த இந்த ஊரிலும், வீட்டு ஏசி புதிதாக ஒரு சத்தம் போட்டால் கிடைக்கும் தீர்ப்பு, தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, பெரும்பாலும் ஒன்றுதான்: "கேஸ் கம்மியா இருக்குங்க."

அந்தத் தீர்ப்பை முதலில் பார்த்துவிடலாம். ஏசிக்குள் இருக்கும் கேஸ் செம்புக் குழாய்க்குள் அடைபட்டுச் சுற்றிச் சுற்றி வருவது. சமையல் எரிவாயு மாதிரி எரிந்து தீராது. ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியில் ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். ஓட்டை விழாதவரை பத்து வருடம் ஆனாலும் அதே அளவுதான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பிவிட்டுப் போனால் அடுத்த கோடைக்கும் அதே செலவு காத்திருக்கும். தவிர, கேஸ் குறைந்தால் முதலில் தெரிவது சத்தம் அல்ல. அறை குளிர நேரமாகும், குழாயிலும் காயிலிலும் பனி படியும். நன்றாகக் குளிர்கிற ஏசி கடகடவென்று ஆடுகிறது என்று கூப்பிட்ட வீட்டில், எதையும் அளந்து பார்க்காமல் கேஸ் பெயரைச் சொன்னால் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்பதுதான் பழுதைக் காட்டிக்கொடுக்கும். ஸ்பிளிட் ஏசியில் அசையும் பாகங்கள் மிகக் குறைவு. இன்டோரில் காற்றைத் தள்ளும் நீள உருளையான புளோயர், அதைச் சுற்றும் மோட்டார், முன்பக்கச் சிறகுகளைத் திருப்பும் ஒரு சின்ன மோட்டார். அவுட்டோரில் ஒரு ஃபேன், ஒரு கம்ப்ரசர். அவ்வளவுதான். மிச்சச் சத்தமெல்லாம் ஏதாவது அதிர்வதாலோ, வழிவதாலோ, சூட்டுக்கு விரிந்து சுருங்குவதாலோ வருவது.

இவற்றைப் பிரித்துப் பார்க்க ரிமோட் ஒன்றே போதும். கூல் மோடை மாற்றி வெறும் ஃபேன் மோடில் ஓடவிட்டால் கம்ப்ரசரும் அவுட்டோர் ஃபேனும் நின்றுவிடும். புளோயர் மட்டும் சுற்றும். அப்போதும் சத்தம் இருந்தால் குறை இன்டோரில்தான். அங்கே காற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். வேகத்தோடு சேர்ந்து சத்தமும் மாறினால் புளோயர் அல்லது அதன் புஷ். மாறாமல் ஒரே தாளத்தில் டக், டக் என்றால், ஸ்விங்கை நிறுத்திப் பார்க்கலாம். சிறகை ஆட்டும் சின்ன மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்திருந்தால் சத்தமும் அதோடு நிற்கும். முன் மூடியை உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் அடங்கிவிடும் கடகடப்புக்கு மெக்கானிக்கே வேண்டாம். சர்வீஸ் செய்தபின் மூடியின் கொக்கி ஒன்று சரியாக உட்காரவில்லை, அல்லது ஒரு திருகு மாட்டாமல் விட்டுப்போயிருக்கிறது.

ஃபேன் மோடில் அமைதியாக இருந்துவிட்டு, கூல் மோடுக்கு வந்து கம்ப்ரசர் கிளம்பிய பிறகுதான் சத்தம் என்றால் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். ஏசியை நிறுத்தி உடனே போட்டால் கம்ப்ரசர் கிளம்பச் சுமார் மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். குழாயின் இரு பக்கத்து அழுத்தமும் சமமாகட்டும் என்று வைத்த காத்திருப்பு அது. அந்த மூன்று நிமிடத்தைப் பழுது என்று நினைத்து ரிமோட்டை மறுபடி மறுபடி அமுக்குகிறவர்கள் நிறைய.

பீங்கான் ஊருக்கென்று ஒரு தனிச் சத்தம் உண்டென்றால் அது தூசியால் வருவது. களிமண் அரைக்கிற, சலிக்கிற, காய்ந்த அச்சைத் தேய்க்கிற இடத்துக்குப் பக்கத்து வீடுகளில் காற்றில் மாவு மாதிரி மெல்லிய தூசி இருக்கும். ஏசியின் வலை ஃபில்டர் பெரிய தூசியைத்தான் பிடிக்கும். மெல்லியது வலைக்குள் நுழைந்துவிடும். உள்ளே காயில் எப்போதும் ஈரம். ஈரத்தில் களிமண் தூசி பட்டால் என்ன ஆகும் என்பதைச் சக்கரத்தில் மண் வனைகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காயிலின் தகடுகளுக்கு நடுவே அது சேறாகி அப்பிக்கொள்ளும். காற்று நுழைய இடம் குறையக் குறைய ஹோவென்ற இரைச்சல் கூடும். புளோயரின் கத்திகளிலும் அதே படிவு ஒரு பக்கம் கனமாக, ஒரு பக்கம் லேசாக ஒட்டும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் உருளையில் ஒரு பக்கம் சில கிராம் கூடினாலே போதும், டபடபவென்று சுவரே அதிர ஆரம்பிக்கும்.

இதே தூசிதான் கேஸ் விஷயத்தில் ஆளை ஏமாற்றுவது. காற்று போகாத காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து பனிக்கட்டி கட்டும். பனி வளர்ந்து புளோயரைத் தொட்டால் கரகரவென்று அறுக்கும் சத்தம் வரும். கேஸ் குறைந்தாலும் பனி கட்டும் என்பதால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஏசியை நிறுத்திப் பனி முழுக்கக் கரைந்தபின் ஃபில்டரைக் கழுவி, காயிலை வாட்டர் சர்வீஸ் செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கப்புறமும் பனி கட்டினால்தான் கேஸை அளக்கும் மீட்டருக்கு வேலை. அறுபது கிலோமீட்டர் தள்ளிக் கடலூர்க் கரையில் கதை வேறு. அங்கே உப்புக்காற்று அவுட்டோரின் ஸ்டாண்டையும் போல்ட்டையும் துருவாக்கித் தளர்த்திவிடும். அலுமினியத் தகடுகளை உதிர்த்துவிடும். ஒரே மாவட்டம்தான், இங்கே தூசியால் கடகடக்கிற ஏசி அங்கே துருவால் கடகடக்கிறது.

களக் களக் என்று தண்ணீர் கொப்பளிக்கும் சத்தத்துக்குப் பயப்படுகிறவர்கள் அதிகம். அவசியமே இல்லை. ஜன்னலை இறுக்கிச் சாத்திய வீட்டில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், உள்ளே குறைகிற காற்றை ஈடுகட்ட வெளிக்காற்று ஏசியின் டிரெயின் பைப் வழியாக ஏறி வரும். பைப்பில் வழிந்துகொண்டிருக்கும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருவதால் அந்தக் கொப்பளிப்பு. எக்ஸாஸ்டை நிறுத்தினாலோ ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாலோ நின்றுவிடும். நிற்கவில்லை, கூடவே சுவரில் தண்ணீர் வழிகிறது என்றால் பைப்பில் பாசியோ சேறோ அடைத்திருக்கிறது.

ஏசியைப் போட்டவுடனும் அணைத்த பிறகும் வரும் படக், படக் சத்தம் பிளாஸ்டிக் மூடி சுருங்கி விரிவது. கிளம்பும்போது ஒரே ஒரு டிக் என்றால் ரிலே. அணைத்ததும் உஸ்ஸென்று சிறிது நேரம் கேட்டு ஓய்ந்தால், குழாயின் இரு பக்க அழுத்தமும் சமமாகிக்கொண்டிருக்கிறது. புது மாடல்களில் தன்னையே சுத்தம் செய்துகொள்ளும் வசதி இருந்தால், காயிலை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கும். அப்போது ஐஸ் உடைகிற மாதிரி நெறநெறவென்று கேட்கும். இவை எதற்கும் செலவு கிடையாது.

அவுட்டோர் சத்தங்களில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மே 4 முதல் 28 வரையிலான கத்திரி நாட்களின் இரவுதான் அதற்குப் பொருத்தமான நேரம். ஊரே ஒன்றாக ஏசி போடுகிற வேளை. கம்ப்ரசர் கிளம்ப வேண்டிய நேரத்தில் உம்ம்ம் என்று சில நொடி உறுமும்; டக் என்று அடங்கும்; சில நிமிடம் கழித்து மறுபடி அதே உறுமல், அதே டக். ஃபேன் மட்டும் ஒன்றும் நடக்காதது போலச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே குளிர் இருக்காது.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சியாகத் திசை மாறி மாறி ஓடுவது. ஒவ்வொரு சுழற்சியிலும் மோட்டாரின் காந்தப்புலம் இரண்டு முறை உச்சம் தொடும் என்பதால் சுற்ற முடியாமல் நிற்கிற மோட்டார் 100 ஹெர்ட்ஸில் உறுமும். அதாவது மின்சாரம் போகிறது, சுற்று மட்டும் கிளம்பவில்லை. அந்த நிலையில் மோட்டார் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். எரிந்துபோவதற்குள் ஓவர்லோடு என்ற பாதுகாப்புச் சாதனம் இணைப்பைத் துண்டிக்கும். அதுதான் அந்த டக். சூடு ஆறியதும் தானே சேரும், மறுபடி உறுமல்.

ஏன் கிளம்பவில்லை என்பதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று கேபாசிட்டர். சாதாரண ஒற்றை வேகக் கம்ப்ரசருக்குக் கிளம்பும் உந்துதலைத் தருவது இந்த உருளை. வெயிலில் காயும் அவுட்டோருக்குள் உட்கார்ந்திருப்பதால் வருடங்கள் போகப் போக இதன் அளவு இறங்கும். மேலே 50 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கும். மீட்டரில் 35 காட்டும். அதை மாற்றினால் வேலை முடிந்தது, கம்ப்ரசர் விலையோடு ஒப்பிட்டால் செலவென்றே சொல்ல முடியாது. இரண்டு, வோல்டேஜ். மோட்டார் கிளம்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் விசை 61 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இரவு பத்து மணிக்குக் கிளம்பாத ஏசி விடியற்காலை நான்கு மணிக்குச் சமர்த்தாகக் கிளம்புகிறதா? அப்படியானால் குற்றவாளி பெரும்பாலும் தெருவின் மின்சாரம், அல்லது அதற்கு ஈடுகொடுக்க முடியாத ஸ்டெபிலைசர். மூன்றாவதுதான் கம்ப்ரசரே உள்ளே இறுகிப்போவது. முதல் இரண்டையும் அளந்து தள்ளிவிடாமல் மூன்றாவதைச் சொல்கிற மெக்கானிக்கை அவசரப்பட்டு நம்ப வேண்டாம்.

உறுமல் கேட்டதும் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஏசியின் எம்சிபியை இறக்கி வைப்பதுதான். திரும்பத் திரும்பக் கிளம்ப விட்டால் நல்ல கம்ப்ரசரும் சூட்டில் கெடும். அவுட்டோர் மூடியைத் தாமே கழற்றுவது கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கேபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் ஆளைத் தூக்கிப்போடும்.

அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் நீள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதோரம் வைத்து, முனையைக் கம்ப்ரசர் உடலில் ஊன்றிக் கேட்பதைப் பார்த்திருக்கலாம். 1816இல் பாரிஸ் மருத்துவர் லென்னக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. இங்கே காகிதக் குழாய்க்குப் பதில் இரும்புக் கம்பி. உள்ளே ஒரே சீராக ரீங்காரம் என்றால் கம்ப்ரசர் நலம். உலோகம் உலோகத்தில் மோதும் கடக், கடக் கேட்டால், அல்லது கிரீச்சிட்டால், உள்ளுறுப்பு தேய்ந்துவிட்டது. கம்ப்ரசர் பற்ற வைத்து மூடிய கூடு. பிரித்துச் சரிசெய்யும் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் கம்ப்ரசரின் காலடி ரப்பர்களையும் பார்த்துவிட வேண்டும். வெயிலில் காய்ந்து கல்லான ரப்பர், நல்ல கம்ப்ரசரின் அதிர்வையும் இரும்புத் தட்டு வழியாகச் சுவர் முழுக்கப் பரப்பும். இரண்டு செம்புக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசினாலும் அதே கடகடப்பு வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் உரசிய இடத்தில் ஓட்டை விழுந்து, கேஸ் அப்போதுதான் உண்மையிலேயே போகும்.

கசிவின் சத்தம் தனி. அணைத்த பிறகும் ஓயாத மெல்லிய உஸ்ஸ் அது. பல சமயம் காதுக்கே எட்டாது. கண்ணுக்கு எட்டும் தடயம் எண்ணெய்க் கறை. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றிவருவதால், கசியும் ஃபிளேர் நட்டைச் சுற்றிப் பிசுபிசுப்பும் அதில் ஒட்டிய தூசியும் இருக்கும். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி விடும். இணைப்புகளில் ஒன்றுமில்லாமல் இன்டோர் காயிலிலேயே கசிவு என்றால், செம்பின் உள்ளே எறும்புப் புற்று மாதிரிக் கிளைகிளையாகப் போகும் அரிப்பு காரணமாக இருக்கலாம். புது மரச்சாமான்களின் பசை, பெயின்ட் போன்றவற்றிலிருந்து வரும் கரிம அமிலம் ஈரத்தோடு சேர்ந்து செய்கிற வேலை அது.

இன்வெர்ட்டர் ஏசி வாங்கியவர்கள் பழைய காதோடு இதைக் கேட்டால் குழம்புவார்கள். இதில் கம்ப்ரசர் நின்று கிளம்பாது. வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே ஓடும், சத்தமும் ஏறி இறங்கும். மின்னணுப் பலகையிலிருந்து மெல்லிய கீச்சொலியும், கிளம்பும்போது கேஸ் வால்வு தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும் டிக்டிக்கும் இயல்பு. 18இல் வைத்தால் முழு வேகத்தில் இரையும். 24இல் வைத்தால் விரைவில் அடங்கிவிடும். மேலே சொன்ன கேபாசிட்டர் உறுமல் இதற்குப் பொருந்தாது. இதன் எதிரி பல்லி. கதகதப்புக்காக அவுட்டோரில் நுழைந்து பிசிபி போர்டின் இரண்டு இணைப்புகளுக்கு நடுவே படுத்தால், பட்டென்று ஒரே சத்தம், பல்லியும் போர்டும் சேர்ந்து போகும்.

பட்டென்ற சத்தம் என்றதும் வெடிக்குமோ என்ற பயம் வரும். 2019 மே மாதம் திண்டிவனத்தில் ஏசி வெடித்து ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்ததாகச் செய்தி பரவியபோது, பல வீடுகளில் ஏசியைப் போடவே தயங்கினார்கள். விசாரணையில் அது திட்டமிட்டு நடந்த கொலை என்றும், ஏசியின் மேல் பழி போடப்பட்டது என்றும் காவல்துறை சொன்னது. முதல் செய்தி போன தூரம் இரண்டாவது செய்தி போகவில்லை. அதற்காக ஆபத்தே இல்லை என்றும் ஆகாது. படபடவென்று பொரிகிற சத்தமும் கருகல் வாசமும் சேர்ந்து வந்தால் தளர்ந்த மின் இணைப்பு தீப்பொறி விடுகிறது. அந்த நொடியே எம்சிபியை இறக்க வேண்டும். இப்போது ஏசிகளில் பரவலாக வரும் ஆர்32 கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியது. 2012 முதல் இந்தியாவில் வீட்டு ஏசிகளுக்கு வந்த ஆர்290 வேறொன்றுமில்லை, ப்ரொப்பேன், நன்றாகவே எரியும். எந்தக் கேஸ் என்பது அவுட்டோர் அட்டையிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பற்றவைக்கும் விளக்கைக் கொளுத்துகிறவரைத் தடுப்பது வீட்டுக்காரரின் உரிமை.

நம் காதுக்குப் பழகிப்போன சத்தம் பக்கத்து வீட்டுக்குப் பழகியிருக்காது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் அவுட்டோரே பக்கத்தில் 50 டெசிபலைச் சுற்றி ஒலிக்கும். இரண்டு வீடுகளுக்கு நடுவே மூன்றடிச் சந்தில், எதிர்வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து அதை மாட்டினால், சுவருக்குச் சுவர் எதிரொலித்து இன்னும் கூடும். மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டால் பாதிச் சண்டை தீரும். ஸ்டாண்டுக்கு அடியில் புது ரப்பர் வைத்தால் இன்னும் கொஞ்சம்.

கடைசியாக மெக்கானிக் வருகிற நாள். "அக்கா, இப்ப சத்தமே வரலையே" என்று அவர் சொல்வதும், "தம்பி, ராத்திரி பூரா தூங்கவிடலப்பா" என்று வீட்டில் சொல்வதும் வாடிக்கை. அதற்கு மருந்து கைபேசி. இரவில் சத்தம் வரும்போதே இன்டோர் பக்கம் ஒன்று, அவுட்டோர் பக்கம் ஒன்று என்று அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளலாம். கூடவே கிளம்பும்போதா, ஓடும்போதா, அணைத்த பிறகா என்பதையும், ஃபேன் மோடில் வந்ததா என்பதையும், ஸ்டெபிலைசர் அப்போது காட்டிய வோல்டேஜையும் சொன்னால் அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். கேபாசிட்டரை மாற்றினால் பழையதன் அளவை மீட்டரில் நம் கண்முன் பார்க்கக் கேட்கலாம். கம்ப்ரசர்தான் போய்விட்டது என்றால் பணத்தை எடுக்குமுன் பழைய ரசீதைத் தேட வேண்டும். பல நிறுவனங்கள் முழு ஏசிக்கு ஒரு வருட உத்தரவாதம் தந்தாலும் இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு மட்டும் தனியாகப் பத்து வருடம் வரை தருகின்றன. கேஸுக்கும் கூலிக்கும் அது பொருந்துமா என்பது உத்தரவாத அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும்.